தலைதீபாவளிக்கு வேண்டிய ஆங்கிலம்

செப்டம்பர் 8, திங்கள்

குக்கர் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. கல்லாப்பெட்டி ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். இன்று உருவி எடுத்தாயிற்று. கல்லாப்பெட்டி ஆடுகிறது.

காரணம் ஜெபா டீச்சர். "தினமும் ஏதாவது எழுதுங்க அங்கிள், அப்பதான் இங்கிலீஷ் கைக்கு வரும்" என்றாள். இங்கிலீஷில் எழுத இங்கிலீஷ் தெரிய வேண்டுமே. அதனால் இப்போதைக்குத் தமிழில் எழுதுகிறேன். தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நான் பூவலிங்கம். கோவில்பட்டி மெயின் ரோட்டில் முப்பது வருடமாகப் பாத்திரக்கடை. ஐம்பத்தாறு வயதில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பம்பாயிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிற கம்பெனி ஏஜெண்டுகள் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். வியாபாரத்துக்கு அது தேவை. வேறு காரணம் எதுவும் இல்லை.

சொர்ணம் மட்டும் கேட்டாள். "இத்தன வருசம் அவுககிட்ட கையக் காட்டித்தான யாவாரம் பண்ணுனீக? இப்ப என்ன திடீர்னு?"

மனைவிமாரின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று எழுதும்போது ஒன்று விட்டுப்போயிற்று. சனிக்கிழமை செண்பா போன் செய்திருந்தாள்.

செண்பகவல்லி எங்களுக்கு ஒரே மகள். புனேயில் வேலை. கூட வேலை பார்க்கும் அசாம்காரப் பையன் ஒருவனை மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்து முடித்துவிட்டுத்தான் எங்களுக்குச் சொன்னாள். "எனக்கு மக இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்" என்று சொல்லி போனை வைத்தவன்தான் நான். அதன்பிறகு அவள் அம்மாவோடு மட்டும் பேசுகிறாள். சொர்ணம் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசும் நேரங்களில் நான் தற்செயலாக அடுத்த அறையில் நகம் வெட்டிக்கொண்டிருப்பேன். இந்த நாலு மாதத்தில் என் நகங்கள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன.

"தலைதீபாவளிக்கு வாரோம்மா. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். அப்பா அவர்கிட்ட முகங்கொடுத்துப் பேசணும். பேசலைன்னா தீபாவளி அன்னிக்குச் சாயங்காலமே கெளம்பிருவோம். அதுக்கப்புறம் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கண்டிஷனா? எனக்கா?" என்று நான் அடுத்த அறையிலிருந்தே சத்தம் போட்டேன். அதற்குள் போன் வைத்தாயிற்று.

சொர்ணம் அமைதியாகச் சொன்னாள். "எதுக்குக் கத்துதீக? அவருக்குத் தமிழ் தெரியாது. ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்க பேசுனாலும் பேசாட்டியும் ஒண்ணுதான். விடுங்க."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படிச் சொன்னது மூன்று நாளாக உறுத்துகிறது. ஆனால் இதற்கும் வகுப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

செப்டம்பர் 12, வெள்ளி

வகுப்பு ஒரு தையல்கடை மாடியில், காலை ஏழு மணிக்கு. என்னைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். ஜெபா டீச்சருக்கே முப்பது வயது இருக்காது. அவள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் என் கடையில்தான் எடுத்தார்கள். அந்த மரியாதை வகுப்பில் செல்லுபடி ஆகவில்லை.

இன்று மேசைமேல் இருந்த பேனாக்களை எண்ணச் சொன்னாள். "லாபம், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எந்தச் சரக்கை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவதுதான் வியாபாரிக்கு அழகு. டீச்சரும் சிரித்துவிட்டு, "இங்கிலீஷ்ல லாபம் கெடையாது அங்கிள்" என்றாள். அது எனக்கும் மெல்ல மெல்லத் தெரிய வந்துகொண்டுதான் இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

இன்று வந்த பாடம் பெரிய பாடம். இங்கிலீஷ்காரன் உலகத்தில் உள்ள சாமான்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறான். எண்ணக்கூடியது, எண்ணக்கூடாதது. எண்ணக்கூடியதற்கு 'மெனி', எண்ணக்கூடாததற்கு 'மச்'. இட்லி என்றால் ஹவ் மெனி. சாம்பார் என்றால் ஹவ் மச். மாற்றிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வருமாம்.

பிள்ளைகள் திணறினார்கள். எனக்கு உடனே பிடிபட்டது. "டீச்சர், இது எங்க கடை மாதிரித்தான். டம்ளர், கரண்டி எல்லாம் பீஸ் கணக்கு. அது மெனி. பித்தளை, செம்பெல்லாம் எடைக்கணக்கு. அது மச்" என்றேன்.

டீச்சர் கைதட்டச் சொன்னாள். கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. திரும்பி வரும்போது டீக்கடையில் நின்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஃபர்னிச்சர் எண்ணக்கூடாதாம். என் கடையில் நாலு நாற்காலி, ஒரு மேசை. கண்ணால் பார்த்து எண்ணுகிறேன். எண்ணக்கூடாதாம்! ரொட்டியும் எண்ணக்கூடாது. தலைமுடியும் எண்ணக்கூடாது என்று சொன்ன டீச்சர், என் தலையைப் பார்த்ததும் அடுத்த உதாரணத்துக்குப் போய்விட்டாள். நேற்று வாங்கிக் கொடுத்த டீ வீண்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பிச்சம்மாள் அக்கா வந்திருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சம்பிரதாயம் என்று ஒன்று இந்த ஊரில் இன்னும் மிச்சம் இருப்பது அவளால்தான் என்பது அவள் கருத்து. மாப்பிள்ளைக்கு வேட்டி என்ன கரையில் எடுக்க வேண்டும், எந்தத் திசை பார்த்து உட்கார வைக்க வேண்டும், எண்ணெய் யார் வைக்க வேண்டும் என்று மதியம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அட்வைஸ் எண்ணக்கூடாத சாமான் என்று டீச்சர் நேற்று சொன்னபோது நம்பவில்லை. அக்கா போனதும் நம்பினேன்.

அவள் இருக்கும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது. அவள் சாப்பிட உட்கார்ந்ததும், பழக்கத்துக்காக இருக்கட்டும் என்று, "எத்தன தோச வேணும்க்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா கையை உதறிவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏலே, கூடப்பொறந்தவ திங்கிறத எண்ணுதியாலே? நம்ம வீட்டுல பிச்சைக்காரனுக்குப் போடும்போதுகூட எண்ண மாட்டாங்களே!"

அவள் சொல்வது நியாயம்தான். எங்கள் வீட்டில் இலையில் வைப்பதை எண்ணுகிற வழக்கம் இல்லை. எண்ணினால் தின்றது உடம்பில் ஒட்டாது என்பார்கள். 'எத்தனை வேண்டும்' என்று கேட்பதே 'இவ்வளவுதான் போடுவேன்' என்று சொல்வதற்குச் சமம். இன்னொன்று வைக்கட்டுமா என்றுதான் கேட்க வேண்டும். அதையும் வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். சொர்ணம் அக்காவைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. 'எ' இல்லாமல் வெறும் 'லிட்டில்' என்றால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. டீச்சர் இதற்கு நம்பிக்கை என்பதை உதாரணமாக எடுத்துக்கொண்டு போர்டில் இரண்டு வாக்கியம் எழுதினாள். இரண்டாவதை நான் எழுதிக்கொள்ளவில்லை. கடை ஞாபகம் வந்துவிட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. கடையில் பொரி, கடலை. பொரி மச், வாழைப்பழம் மெனி. கடலை எதில் சேரும் என்று டீச்சரிடம் கேட்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். பதினெட்டாம் தேதி வருகிறார்கள். சொர்ணம் இதை என்னிடம் சொல்லவில்லை, மாவுச்சட்டியைப் பார்த்துச் சொன்னாள். நானும் மாவுச்சட்டியிடம் சரி என்றேன்.

இன்று டீச்சரிடம் தனியாகக் கேட்டேன், ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் என்ன பேசலாம் என்று. ஊர் எப்படி, வேலை எப்படி, வழியில் சௌகரியமா என்று பல கேள்வி சொல்லிக் கொடுத்தாள். கேட்பது எளிதாகத்தான் இருக்கிறது. கேட்ட பிறகு அவன் பதில் சொல்வானே? முழ நீளத்துக்குச் சொல்வானே? அது புரியாமல் நான் விழித்துக்கொண்டு நின்றால் என் மகள் முன்னால் எனக்கு என்ன மரியாதை?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். 'ஹவ் மெனி', 'ஹவ் மச்' இரண்டு மட்டும் கேட்பது. ஒன்றுக்குப் பதில் எண்ணாக வரும், விரலைக் காட்டினால் போதும். இன்னொன்றுக்குக் கொஞ்சம், நிறைய என்று வரும். எந்தப் பதில் வந்தாலும் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். சாப்பிட உட்காரும்போது கேட்டால் பொருத்தமாகவும் இருக்கும்.

சொர்ணத்திடம் ஒத்திகை பார்த்தேன். "ஹவ் மெனி இட்லி யூ வாண்ட்?"

"சோத்த எண்ணாதீகன்னு மைனி அன்னைக்கே சொன்னாகல்லா?"

"இங்கிலீஷ்ல எண்ணுனா தோஷம் இல்ல."

"ஏஜெண்டுக்கு எதுக்கு இட்லி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது.

அக்டோபர் 18, சனி

ஸ்டேஷனில் எனக்கு ஒரு பார்சல் வேலை இருந்தது. அதே ரயிலில் அவர்களும் வந்தார்கள்.

செண்பா இளைத்திருக்கிறாள். அவன் பெயர் பிராஞ்சல். நல்ல உயரம், சின்னக் கண், சிரித்தால் கண்ணே காணாமல் போகிறது. பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் வாயைத் திறந்தேன். ஒன்றரை மாதம் படித்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த ரயிலிலேயே ஏறி நெல்லைக்குப் போய்விட்டது. தலையை மட்டும் ஆட்டினேன். செண்பா என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. கடையில் கூட்டம். சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. உண்மையில் பன்னிரண்டு மணிக்கே கூட்டம் குறைந்துவிட்டது.

மாப்பிள்ளை எனக்கு ஒரு பட்டுத் துண்டு கொண்டு வந்திருக்கிறார். வெள்ளையில் சிவப்புப் பூ வேலை. அவர்கள் ஊரில் பெரியவர்களுக்குப் போடுவதாம். சொர்ணம் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டு, "நேர்ல தரணும்னு காலையிலருந்து காத்துக்கிட்டு இருந்தாரு. நீங்கதான் வீட்டுப்பக்கமே வரலையே" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். செண்பா பெட்டியைத் திறந்து துணிகளை வெளியில் எடுத்து வைக்கவே இல்லையாம்.

நாளைக் காலை இலைக்கு முன்னால் உட்காருவார்கள் அல்லவா, அப்போது நான்தான் பரிமாறப் போகிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி, லேகியம் சாப்பிட்டு, மாப்பிள்ளையும் செண்பாவும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். எதிரே பிச்சம்மாள் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, வடை, அதிரசம். எல்லாத் தூக்குவாளியையும் நான் வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் நான் கரண்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை. அக்கா வாயைப் பிளந்தாள்.

குனிந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "ஹவ் மெனி இட்லி யூ வாண்ட்?"

மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை இட்லிக்காக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் எண் சொல்லவில்லை. செண்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எ ஃப்யூ" என்றார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு எண்ணிக்கை சொல்லக்கூடாது, சொன்னால் அத்தைக்கு ஆகாது என்று செண்பா புனேயிலேயே பாடம் நடத்திக் கூட்டி வந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

எ ஃப்யூ என்றால் சில. சில என்றால் மூன்றுக்குக் குறையாது. மூன்று வைத்தேன். "ஹவ் மச் குழம்பு?" என்றேன். "எ லிட்டில்" என்றார். 'எ' இருக்கிறது, ஆகவே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. ஒரு கரண்டி ஊற்றினேன். எனக்கே மேல் சிலிர்த்தது. நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார், எனக்குப் புரிகிறது! இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றும் தீர்ந்தது. மறுபடி குனிந்தேன். "ஹவ் மெனி?" "சம் மோர்." வைத்தேன். "ஹவ் மச்?" "எ லிட்டில் மோர்." ஊற்றினேன்.

அக்கா சொர்ணத்தின் முழங்கையை இடித்தாள். "ஏட்டீ, அது என்ன ஹவ் மெனி ஹவ் மெனிங்கான்?"

சொர்ணம் கண் இமைக்காமல் சொன்னாள். "வயிறார சாப்பிடுங்கன்னு அர்த்தம் மைனி."

அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் ஆரம்பித்தாள். "மாப்ள! ஹவ் மெனி! நல்லா ஹவ் மெனி!" ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. மாப்பிள்ளை வியர்க்க வியர்க்கச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையை மூடவில்லை. நான் குனியும்போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், "சம் மோர்" என்றார். செண்பா அம்மாவிடம், "போதும்மா, விடச் சொல்லுங்க" என்றாள். நான் எங்கே விடுவது? எனக்கு அந்த இரண்டு கேள்வியைத் தவிர வேறு எதுவும் தெரியாதே.

பதினோரு மணிக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார். சொன்னோம்.

"எத்தன இட்லி?"

சொர்ணம் கூரையைப் பார்த்தாள். பிச்சம்மாள் அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். "மாப்பிள்ள இலையில வச்சத எண்ணுற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க டாக்டர்."

"அம்மா, நாலா பத்தான்னு தெரிஞ்சாத்தான நான் முடிவெடுக்க முடியும்?"

"தலதீபாவளிக்கு வந்த பிள்ளைக்கு நாலா வைப்போம்? என்ன பேசுதீக நீங்க?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உள்ளே மாப்பிள்ளை முனகுவது கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"பதினேழு" என்றேன்.

அக்கா என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "எண்ணுனியாலே?"

"வகுப்புல எண்ணிப் பழகுனது, தானா வந்துருச்சுக்கா. ஹவ் மெனின்னா எத்தனைன்னுதான் அர்த்தம்."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, "அப்ப நானும் எத்தன எத்தனன்னா கேட்டேன்? அய்யய்யோ!" என்று தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள். சொர்ணம் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி மறைந்துவிட்டாள். டாக்டர் ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார். போகும்போது அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

செண்பா மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள். மே மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் நேராகப் பேசினாள்.

"சாயங்காலம் இங்கருந்தே ரயிலுக்குப் போறோம்ப்பா."

"நான் பேசுனேன்லாம்மா. நீ சொன்ன மாதிரி முகங்கொடுத்துத்தான பேசுனேன்."

"அது பேச்சாப்பா? ஹோட்டல்ல சப்ளையர் கேக்குறது. அவர் யாரு, என்ன படிச்சாரு, வீட்டுல யார் யாரு இருக்காங்க, ஒண்ணு கேட்டீங்களா? அவர் இலையத்தான் பார்த்தீங்க. அவரப் பார்க்கல."

ஒன்றரை மாதம் காலையில் எழுந்து தையல்கடை மாடி ஏறியதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஏஜெண்டுக்காகப் படித்ததை இவளிடம் எப்படிச் சொல்வது?

உள்ளேயிருந்து மாப்பிள்ளை அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. படுத்தபடியே மெல்லிய குரலில் நெடுநேரம் ஏதோ சொன்னார். இடையில் "ஹவ் மெனி" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. செண்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா சொல்லுதாரு?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"ரெண்டு நாளா அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இலையில உக்காந்த பிறகுதான் பேசினாரு. போதும்னு சொல்லியிருந்தா பேச்ச நிறுத்தியிருப்பாரு. அதான் சொல்லல. இதுக்காக அவரத் திட்டாதங்கிறாரு."

நான் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். பதினேழு இட்லி. ஒவ்வொன்றையும் என்னோடு இன்னொரு வார்த்தை பேசக் கிடைத்ததாக நினைத்து விழுங்கியிருக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளையை ஐந்து மாதம் அவன் இவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சொர்ணம் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். மாப்பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"ஹவ் மெனி..." என்று தொடங்கியதும் அவர் பயந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

"நோ, நோ. ஹவ் மெனி பிரதர், சிஸ்டர்?"

அவர் சிரித்தார். கண் காணாமல் போயிற்று. விரலைக் காட்டாமல் முழ நீளத்துக்குப் பதில் சொன்னார். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை, புரியாததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மிச்சத்தை செண்பா சொன்னாள். இரண்டு அக்கா, இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா தேயிலை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு ஜோர்ஹாட் என்ற ஊரில். அம்மா தறியில் நெய்வார்களாம். எனக்குக் கொண்டு வந்த துண்டு அவர்கள் நெய்ததுதான்.

"அந்தம்மா ஒங்கிட்ட நல்லாப் பேசுவாகளா?" என்று செண்பாவிடம் கேட்டேன்.

அவள் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தாள். "இதுவரைக்கும் பேசலப்பா. கல்யாணத்துக்கும் வரல. போன் பண்ணுனா மாமனார் எடுத்துப் பேசுவாரு. அவங்க பேச மாட்டாங்க. துண்டுகூட மகன் கேட்டாருன்னுதான் குடுத்தாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஏன் பேச மாட்டாகளாம்? எம் மகளுக்கு என்ன கொறச்சல்? படிக்கலையா, சம்பாதிக்கலையா? வீட்டுக்கு வந்த பிள்ளகிட்ட ஒரு வார்த்த பேசாம இருக்கிறதுன்னா அது என்ன மனசு? ஊரு தெரியாத ஊருல ஒரு பொண்ணு என்ன பாடுபடும்னு பெரிய மனுசிக்குத் தெரிய வேண்டாமா?" என்று ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து சத்தம் போட்டேன். நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தாள். மாப்பிள்ளை யாரைத் திட்டுகிறேன் என்று புரியாமல் விழித்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் செண்பா சொன்னாள், கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

"நீங்களும் இதத்தானப்பா பண்ணுனீங்க."

சாயங்காலம் ரயிலுக்குப் போகவில்லை. வீட்டுக்குத்தான் போனோம். மாப்பிள்ளைக்குக் கஞ்சி. அக்கா அவர் அருகில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், விசிறிக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 22, புதன்

செண்பா பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கியிருக்கிறாள். லீவை ஒரு வாரம் நீட்டியிருக்கிறார்களாம்.

காலையில் அந்தப் பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜோர்ஹாட்டுக்கு நம்பர் போடச் சொன்னேன். மாப்பிள்ளை தயங்கினார். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அசாமி மட்டும்தான் வரும் என்றார். பரவாயில்லை, எனக்கும் இங்கிலீஷ் வராது என்றேன். செண்பா சுவரோடு சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய அப்பா எடுத்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்லிக் கெஞ்சினார். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டினார். ஹலோ என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு எந்தக் கேள்வியும் தெரியவில்லை. கேட்பதற்கும் ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் இருந்தது.

"நான் செண்பாவோட அப்பா பேசுதேன்" என்று தமிழிலேயே சொன்னேன். "எனக்கும் ரொம்ப வருத்தம் இருந்துச்சும்மா. நானும் பேசாமத்தான் இருந்தேன். ஒங்க பையன் தங்கமான பிள்ள. எம் பொண்ணும் அப்படித்தான். பேசிப் பாருங்க."

அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார்கள். முதலில் கோபமாக, பிறகு விம்மிக்கொண்டு, பிறகு மறுபடி கோபமாக. ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. ஊம் கொட்டிக்கொண்டே இருந்தேன். கடை திறக்கிற நேரம் தாண்டிப் போயிற்று. நடுவில் ஒரு இடத்தில் அவர்கள் 'ஷெண்பா' என்று சொல்லி நிறுத்தினார்கள். நான் போனை என் மகள் கையில் கொடுத்தேன்.